தானாக மூட வேண்டிய கதவுகள்

மூன்றாம் மாடிப் படிக்கட்டுக் கதவை அகலத் திறந்து கையை எடுத்தேன். பாதித் தூரம் சீராக வந்தது. நிலையைச் சேர ஒரு சாண் இருக்கையில் தளர்ந்தது. பூட்டின் நாக்கு நிலையில் பதித்த தகட்டின் விளிம்பில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டது. ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது மூடிய கதவு. அருகில் போய் ஒரு விரலால் தள்ளினேன், திறந்துகொண்டது. தீயில் சூடேறி விரியும் காற்று அந்த விரலைவிட வலுவாகத் தள்ளும். ஏழு ஆண்டுகளாகத் தினமும் அந்தக் கதவைத் தாண்டிப் போய்வருகிறேன். அதன் நாக்கு விழுவதில்லை என்பதை ஒருநாளும் கவனித்ததில்லை.

எங்கள் கட்டடம் கிழக்கு லண்டனில் இருக்கிறது. தரைத்தளமும் அதற்கு மேல் ஐந்து மாடிகளும், மாடிக்கு நான்கு வீடுகளாக மொத்தம் 24 வீடுகள். நீண்டகாலக் குத்தகையில் வீடு வாங்கிய நாங்களே சேர்ந்து நிர்வாக நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். அதன் இயக்குநர்களில் நானும் ஒருவன். தீப்பாதுகாப்புச் சட்டம் ‘பொறுப்பாளர்’ என்று குறிப்பிடுவது எங்கள் விஷயத்தில் அந்த நிறுவனத்தைத்தான். கடமை தவறினால் வரம்பில்லாத அபராதம் முதல் இரண்டு ஆண்டு சிறை வரை தண்டனைக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது.

மேல்மாடியின் தளம் தரையிலிருந்து சுமார் 14 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த அளவுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. இங்கிலாந்துக்கான 2022ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2023 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றின் 10ஆம் விதி 11 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இரண்டு கடமைகளை வைக்கிறது. பொதுப்பகுதியில் உள்ள தீத்தடுப்புக் கதவுகளை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் வாசல் கதவையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது சோதிக்க இயன்ற முயற்சி அனைத்தையும் எடுக்க வேண்டும். யாராவது கதவைத் திறந்து காட்ட மறுத்தால், அதற்காக என்னென்ன செய்தோம் என்பதை எழுதிவைக்க வேண்டும்.

இந்த விதிகள் பிறந்ததற்குக் காரணம் 2017 ஜூன் 14 அன்று மேற்கு லண்டனின் கிரென்ஃபெல் டவரில் 72 பேரைப் பலிகொண்ட தீ. அதை விசாரித்த ஆணையம் 2019 அக்டோபரில் தன் முதல்கட்ட அறிக்கையை வெளியிட்டது. பல வீடுகளில் கதவைத் தானாக மூடும் கருவி இல்லாமலோ வேலை செய்யாமலோ இருந்ததையும், திறந்து நின்ற கதவுகளின் வழியே புகை பொது நடைகூடங்களுக்குப் பரவியதையும் அந்த அறிக்கை சொன்னது. வீட்டு வாசல் கதவுகள் உட்பட எல்லாக் கதவுகளிலும் அந்தக் கருவியை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதே ஆணையத்தின் பரிந்துரை. அரசு விதியாக்கியபோது வீட்டுக் கதவுகளுக்கு அது ஓராண்டாகிவிட்டது. இதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் 24 வீடுகளைப் பார்த்து முடித்தபின் அந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது.

மொத்தம் 38 கதவுகள். பொதுப்பகுதியில் 14: படிக்கட்டுக் கதவுகள் ஆறு, குழாய்களும் கேபிள்களும் மேலேறும் ரைசர் அலமாரிகளின் கதவுகள் ஆறு, குப்பை அறை, மின்மீட்டர் அறை. மீதி 24 வீட்டு வாசல்கள். இந்தச் சோதனைக்குச் சிறப்பு நிபுணர் தேவையில்லை, கட்டடப் பராமரிப்பாளரே செய்யலாம் என்று அரசின் வழிகாட்டி சொல்கிறது. ஆகவே நானே இறங்கினேன். ஜனவரியில் நான்கு சனிக்கிழமைகள் ஆயின.

கையில் எடுத்துக்கொண்டவை: டார்ச், சிறு கைக்கண்ணாடி, அளவு நாடா, மடக்கு ஏணி, திருப்புளிகள், ஆலன் சாவிகள், ஒரு நோட்டு, ஒரு பவுண்ட் நாணயங்கள் இரண்டு. நாணயம்தான் எனக்கு மிகவும் உதவிய கருவி. 2017இல் புழக்கத்துக்கு வந்த பன்னிரண்டு பக்க நாணயத்தின் தடிமன் 2.8 மில்லிமீட்டர். கதவுக்கும் நிலைக்கும் நடுவே மேலும் பக்கங்களிலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருப்பது சரி. ஒரு நாணயம் நுழைந்து நகர்ந்தால் நல்லது. இரண்டையும் ஒட்டிவைத்து நுழைக்க முடிந்தால் அந்த இடத்தில் கோளாறு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கதவின் விளிம்பைத் தொட்டுக் காட்டினேன். அங்கே ஒரு காடியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை ஓடும். சூடேறினால் உள்ளிருக்கும் பொருள் பல மடங்கு உப்பி இடைவெளியை அடைத்துவிடும். ஆனால் அது உப்புவதற்கே கதவருகில் கடும் சூடு வந்தாக வேண்டும். சூட்டுக்கு முன்னால் வருவது புகை. அதைத் தடுக்கத்தான் அந்தப் பட்டையின் நடுவிலோ பக்கத்திலோ மெல்லிய தூரிகை முடி வைத்திருக்கிறார்கள். எங்கள் வாசல் கதவுகள் எஃப்டி 30எஸ் வகை. 30 என்பது தீயைத் தாங்க வேண்டிய நிமிடங்கள், எஸ் என்பது புகைத்தடுப்பு. பட்டையும் தூரிகையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதவு திறந்து கிடந்தால் இரண்டாலும் பயனில்லை. அதனால் ஒவ்வொரு கதவிலும் முதலில் செய்தது ஒரே காரியம்: முழுதாகத் திறந்து விடுவது, பாதி திறந்து விடுவது, நான்கு விரல் அளவு திறந்து விடுவது. மூன்று முறையும் யாரும் தொடாமல் நாக்கு தகட்டுக்குள் விழ வேண்டும்.

அப்படித்தான் மூன்றாம் மாடிக் கதவு பிடிபட்டது. மேலே இருக்கும் குளோசரில், அதாவது தானாக மூடும் கருவியில், வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு முன்னால் யாரோ அதைச் செய்தும் இருக்கிறார்கள். குளோசரின் முனையில் 1, 2 என்று பொறித்த இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றது கடைசிச் சில அங்குலங்களில் நாக்கைத் தள்ளி உட்காரவைப்பதற்கு. இரண்டாவது திருகு கிட்டத்தட்ட முழுதும் திறந்துவிடப்பட்டிருந்தது. அப்படியும் கதவு மூடவில்லை.

டார்ச்சைத் தகட்டின் மேல் பிடித்தபோது காரணம் தெரிந்தது. நாக்கு விழும் துளைக்குக் கீழே, பித்தளையில், நகக்கீறல் போல ஒரு பளபளப்பான கோடு. நாக்கு ஒவ்வொரு முறையும் துளைக்குக் கீழே உரசியிருக்கிறது. கதவே இறங்கியிருக்கிறது என்று பொருள். பூட்டுப் பக்க மூலையில் கதவின் தலைக்கு மேல் இரண்டு நாணயமும் தாராளமாக நுழைந்தன, பூட்டுப் பக்க விளிம்பின் மேற்பகுதியில் ஒன்றுகூட நுழையவில்லை. மேல் கீலைப் பார்த்தேன். நான்கு திருகாணிகளில் இரண்டு, திருப்புளியை வைத்துத் திருப்பினால் பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

நண்பர் ஒருவரை வரச்சொல்லிக் கதவின் அடியில் ஆப்பு கொடுத்து எடையைத் தாங்கிக்கொண்டோம். தளர்ந்த இரண்டையும் எடுத்துவிட்டு, அதே பருமனில் நீளம் கூடிய எஃகுத் திருகாணிகளை இறக்கினேன். ஆப்பை எடுத்ததும் நாணயத்தை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தேன், ஒரே சீராக ஓடியது. பிறகு குளோசரின் இரண்டாம் திருகை எட்டில் ஒரு பங்குச் சுற்றாகப் படிப்படியாக மூடிக்கொண்டே வந்தேன். வேகம் குறைந்தும் நாக்கு விழுந்தது. ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை மட்டும். அதே மாடியில் இருக்கும் ஒருவர் வெளியே வந்து, சில மாதங்களாக இந்தக் கதவு ஒருவர் போகும்போது மூடாமலும் அடுத்தவர் போகும்போது படாரென்று அறைந்தும் இம்சை செய்ததாகச் சொன்னார். அந்த அறையும் சத்தம் பிறகு வேறு வீடுகளிலும் காரணமாக வந்தது.

மற்றப் பொதுக்கதவுகளில் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மாடியில் கதவை ஒரு மரக்கட்டை திறந்து பிடித்திருந்தது. வாளியோடு போய்வரும் துப்புரவுப் பணியாளர் வைத்தது. குப்பை அறையில் கீழ்க் கீலுக்கு அடியில் கறுப்பாக உலோகத்தூள் படிந்திருந்தது, கீல் தேய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டாம் மாடி ரைசர் அலமாரியில் நிலையின் தலைப்பகுதியைத் துளைத்து இணையக் கேபிள் ஒன்றைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கட்டைவிரல் நுழையும் துளை, அடைக்கப்படவில்லை. நான்காம் மாடியில் போன வருடம் போட்ட புதுக் கம்பளம் தடித்தது, கதவின் அடி அதில் உரசிப் பாதியில் நின்றது. ஐந்தாம் மாடிக் கதவு மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது.

நான்காம் மாடியில் ஒரு தவறு செய்தேன், இதைப் படிப்பவர் செய்யாமலிருக்கச் சொல்கிறேன். கம்பளப் பிரச்சினை புரிவதற்கு முன்பே குளோசர் திருகைத் திருப்பத் தொடங்கிவிட்டேன். அரைச் சுற்றுக்கு மேல் போனதும் விளிம்பில் எண்ணெய் கசிந்து கதவில் வழிந்தது. எண்ணெய் போன குளோசரைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். துடைத்துப் பார்த்தபோது தூசிக்கு அடியில் பழைய எண்ணெய்க்கறை ஏற்கெனவே இருந்தது. முதலில் துணியால் துடைத்துப் பார்த்திருந்தால் திருகைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இனி வீட்டு வாசல்கள். இரண்டு வாரம் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் போட்டிருந்தோம். அதில் விதி சொல்லச்சொல்லும் மூன்றையும் சேர்த்தோம்: பயன்படுத்தாதபோது கதவு மூடியிருக்க வேண்டும், தானாக மூடும் கருவியில் கைவைக்கக் கூடாது, கோளாறு கண்டால் உடனே சொல்ல வேண்டும். இந்தத் தகவலைப் புதிதாகக் குடிவருபவருக்கும், அதன்பின் ஆண்டுதோறும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

மூன்று சனிக்கிழமைகளில் 21 வீடுகள் கதவு திறந்தன. அவற்றில் எட்டில் குளோசர் வேலை செய்யவில்லை. மேலே அதன் உடல் அப்படியே இருக்கும், கதவை நிலையோடு இணைக்கும் அதன் கையை மட்டும் கழற்றியிருப்பார்கள். கழற்றிய கை சமையலறை அலமாரியிலோ காலணிப் பெட்டியிலோ கிடக்கும். முதல் இரண்டு வீடுகளில் விதியைச் சொல்லி மாட்டிவிட்டு வந்தேன். இப்படி மாட்டினால் நான் இறங்கிப் போனதும் மறுபடி கழற்றிவிடுவார்கள் என்பது மூன்றாம் வீட்டில் உறைத்தது. அதன்பிறகு கருவியைத் தொடுவதற்கு முன் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்கத் தொடங்கினேன். எட்டுப் பேருக்கும் காரணம் இருந்தது.

இரண்டு வீடுகளில் கைக்குழந்தை. கதவு அறையும் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்கிறது. ஒரு வீட்டில் சக்கர நாற்காலி. ஒருவர் இரவுப் பணிக்குப் போய்வருபவர், அண்டைவீட்டாருக்குத் தொந்தரவு என்று கழற்றியிருக்கிறார். மற்றவர் நலனை நினைத்து ஒரு நல்ல மனிதர் செய்த காரியம் அது. ஏறக்குறைய எல்லாக் காரணங்களும் வேகத்திலும் சத்தத்திலும் போய் முடிந்தன. வேகத்தை அந்த இரண்டு திருகுகளிலேயே சரிசெய்யலாம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. யாரும் அவர்களிடம் சொன்னதும் இல்லை.

இரண்டாம் மாடியில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓர் அம்மா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அவருடைய கதவிலும் கை இல்லை. கேட்டதும் சொன்னார்: “தம்பி, ஒருநாள் குப்பை போட வெளியே போனேன். பின்னாலேயே கதவு அடித்துச் சாத்திவிட்டது. சாவி உள்ளே. அடுப்பில் சோறு. மகன் வேலையால் வரும்வரை படியில் இருந்தேன். அடுத்த நாளே இதைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.” சோற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பானை கருகி வீடெல்லாம் புகையாம். மூடிய கதவால் அன்று புகை நடைகூடத்துக்கு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் பட்ட பயம்தான் பெரிது.

அவர் கதவில் அரை நாள் செலவிட்டேன். பூட்டுதான் முதல் பிரச்சினை. சாத்தினாலே வெளியிலிருந்து பூட்டிக்கொள்ளும் வகை அது. வெளியே கைப்பிடியால் திறக்கக்கூடிய, பூட்ட வேண்டுமென்றால் மட்டும் சாவி போடும், உள்ளிருந்து சாவியில்லாமல் திருகித் திறக்கும் பூட்டாக மாற்ற முடிவுசெய்தோம். தீக்கதவில் பூட்டை மாற்றுவது நான் செய்யக்கூடிய வேலை அல்ல. பூட்டுப் பெட்டிக்காகக் குடையும் இடத்தில் மரம் மெலிகிறது, அங்கே சூட்டில் உப்பும் உறை வைக்க வேண்டும், கதவின் சான்றிதழ் அனுமதிக்கும் பூட்டாகவும் இருக்க வேண்டும். தீக்கதவு வேலையில் தேர்ச்சி பெற்ற தச்சர் ஒருவர் வந்து செய்தார். குளோசரை நான் மாட்டினேன். அந்த அம்மா சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வாசலைக் கடக்கச் சொல்லி, எண்ணச் சொன்னேன். முதல் முறை நான்கு எண்ணுவதற்குள் கதவு வண்டியில் இடித்தது. எட்டில் ஒரு சுற்று மூடினேன். ஐந்து. இன்னும் கொஞ்சம். ஏழு எண்ணியபோது அவரும் வண்டியும் கடந்துவிட, கதவு தானாக வந்து நாக்கு விழுந்தது. இன்னும் இரண்டு முறை அவராகவே நடந்து பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டார்.

சக்கர நாற்காலி வீட்டுக்கு வேகக் குறைப்பு போதவில்லை. அங்கே வேறு வழி உண்டு. சாதாரண நாளில் கதவு லேசாக அசைந்து நின்ற இடத்தில் நிற்கும், எச்சரிக்கை மணி அடித்தால் மட்டும் மூடிக்கொள்ளும் குளோசர்கள் இருக்கின்றன. அதை அந்த வீட்டின் புகை உணரியோடு இணைக்க வேண்டும். கட்டடத்தின் தீ அபாய மதிப்பீட்டாளரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே வாங்கினோம்.

இரண்டு வீடுகளில் கதவுக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட் புகைத்தூரிகையின் மேலும் ஏறி, முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு காய்ந்த விளக்குமாறு போல விறைத்திருந்தது. அதே வகை, அதே அளவுப் பட்டையாக மாற்ற எழுதிவைத்தேன். இன்னொரு வீட்டில் பழைய பூட்டை எடுத்த துளை மரத்தூள் பசையால் மூடப்பட்டிருந்தது. அதுவும் தச்சர் கணக்கில் போனது.

கடினமான உரையாடல் ஐந்தாம் மாடியில் நடந்தது. அங்கே வாசலில் அழகான ஓக் மரக் கதவு. அளவு நாடா 35 மில்லிமீட்டர் தடிமன் காட்டியது. பலகைகள் அதைவிட மெல்லியவை. எங்களுடைய பழைய 30 நிமிடக் கதவுகள் 44 மில்லிமீட்டர். கண்ணாடியைக் கதவின் தலைக்கு மேல் பிடித்துச் சான்றுச் சீட்டைத் தேடினேன், கீல் பக்க விளிம்பில் தீக்கதவுக்கு அடையாளமான வண்ணக் குமிழைத் தேடினேன், எதுவும் இல்லை. பட்டை இல்லை. குளோசர் இல்லை. வீட்டுக்காரர், தன் வீட்டுக் கதவில் நிர்வாகத்துக்கு என்ன வேலை என்று கேட்டார். 2021ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்புச் சட்டம் வீட்டு வாசல் கதவுகளும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் அடங்கும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது என்பதை விளக்கினேன். அது அவரை அசைக்கவில்லை. நடைகூட விளக்கை அணைத்து, டார்ச்சை அவர் கையில் கொடுத்து உள்ளே நின்று கதவின் மேல் அடிக்கச் சொன்னேன். பிறகு இடம் மாறி, நான் உள்ளே, அவர் வெளியே. நான்கு பக்கமும் வெளிச்சம் கோடாகத் தெரிந்ததைப் பார்த்தவர் சற்று நேரம் பேசவில்லை. அடுப்படி வாசலுக்கு நேரே இருப்பதை அவரே சொன்னார். எதிர்வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொன்னார். புதுக் கதவும் நிலையும் சேர்ந்த சான்றளித்த தொகுப்புக்கு மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது.

எங்கள் கட்டடத்தில் தீப்பிடித்தால் பிடித்த வீட்டார் வெளியேற வேண்டும், மற்றவர்கள் பாதிப்பு வராதவரை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த நடைமுறை முழுதும் இந்தக் கதவுகளை நம்பியே நிற்கிறது. கண்ணால் பார்க்கும் சோதனைக்கு எல்லை உண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிரென்ஃபெல்லிலிருந்து எடுத்த ஒரு வாசல் கதவைச் சோதித்தபோது, 30 நிமிடம் தாங்க வேண்டியது சுமார் 15 நிமிடத்தில் தோற்றது என்று 2018இல் அறிவித்தார்கள். கதவின் உள்ளே இருப்பதை நாணயமும் டார்ச்சும் காட்டாது. ஐயம் வந்த நான்கு கதவுகளை முறையான ஆய்வாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் பொதுக்கதவுகளின் அடுத்த சுற்று. மூன்றாம் மாடி நன்றாக மூடுகிறது. கம்பளத்தை வெட்டித் தாழ்த்தியதால் நான்காம் மாடியும் சரி. ரைசர் துளை தீத்தடுப்புப் பசையால் அடைக்கப்பட்டுவிட்டது. முதல் மாடியில் மரக்கட்டை மறுபடி வந்திருந்தது. துப்புரவுப் பணியாளரோடு நின்று பேசினேன். இரண்டு கையிலும் பொருளோடு ஒரு நாளில் இருபது முறை அந்தக் கதவைக் கடக்கிறார். அங்கே எச்சரிக்கை மணியோடு இணைந்த காந்தப் பிடி வைப்பதற்கு விலை கேட்டிருக்கிறோம்.

கதவு திறக்காத மூன்று வீடுகளில் இரண்டைப் பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டேன். ஒன்று பாக்கி. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், வாடகைக்கு இருப்பவர் அவர் அனுமதி வேண்டும் என்கிறார். இதுவரை மூன்று கடிதம், இரண்டு மின்னஞ்சல், ஒரு தொலைபேசி அழைப்பு, எல்லாம் தேதியோடு கோப்பில் இருக்கின்றன. நான்காவது கடிதத்தை நேற்று அனுப்பினேன். ஜூலை முதல் சனிக்கிழமை அந்த வாசலில் நிற்பேன் என்று அதில் எழுதியிருக்கிறேன்.